சும்மா கிடைக்கிற அன்டிவைரஸை நம்பலாமா?

"தம்பி, காசு குடுத்து வாங்குற அன்டிவைரஸ்தான் நல்லமா, சும்மா கிடைக்கிறதே போதுமா?" புல்மோட்டைத் தேத்தண்ணிக் கடைகளில் கணினி தெரிந்தவன் ஒருவன் உட்கார்ந்தால், பிளேன்டீ வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கிறவர் பெரும்பாலும் ஒரு வாப்பா. மகளுக்கு ஏ.எல். படிப்பு, அதற்காகக் கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பழைய லெப்டொப். திறந்தவுடன் மூலையில் ஒரு பெட்டி எழும்பி, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே காசு கட்டுங்கள் என்கிறது. பக்கத்து வாங்கில் இருக்கிற நானா, கனிய மணல் கூட்டுத்தாபனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கேள்வி முடியும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: "சும்மா தாறவன் எதுக்குத் தாறான்? உள்ளுக்கு ஒரு கள்ளம் இருக்கும்."

நானா சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். அதற்குச் சாட்சி ஊகமல்ல, அதிகாரபூர்வமான உத்தரவே இருக்கிறது.

அவாஸ்ட் என்ற பெயர் பலருக்குத் தெரியும். செக் குடியரசின் பிராக் நகரத்துக் கம்பனி. ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கணினிகளில் விண்டோஸ் போட்டுக் கொடுக்கிறவர்கள் கையோடு அதையும் போட்டு விடுவார்கள். இலவசம், திரையில் செம்மஞ்சள் நிறச் சின்னம், இடையிடையே பேசவும் செய்யும். அந்தக் கம்பனிக்கு ஜம்ப்ஷொட் என்று ஒரு துணைக் கம்பனி இருந்தது. அவாஸ்ட் போட்டிருந்தவர்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள், கூகுளில் என்ன தேடினார்கள், எத்தனை மணிக்கு எதைத் தட்டினார்கள் என்பதையெல்லாம் சேர்த்து மற்றக் கம்பனிகளுக்கு விற்பதுதான் அதன் வியாபாரம். 2020 ஜனவரியில் மதர்போர்ட், பிசி மேகசின் என்ற இரண்டு இதழ்களும் சேர்ந்து புலனாய்ந்து இதை வெளியே கொண்டுவந்தன. அந்த மாதம் முடிவதற்குள் ஜம்ப்ஷொட் மூடப்பட்டது. 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவாஸ்ட் 1 கோடி 65 லட்சம் டொலர் கட்ட வேண்டும் என்றும், இப்படியான விவரங்களை விளம்பரத்துக்காக இனி விற்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. தன்னைப் போட்டால் இணையத்தில் உங்களைப் பின்தொடர்கிறவர்களைத் தடுப்பேன் என்று சொல்லித்தான் அந்த மென்பொருள் பரவியது என்பதையும் ஆணையம் எடுத்துக் காட்டியது.

கம்பனி தரப்பில் சொல்லப்பட்டது, பெயர்களை நீக்கிவிட்டுத்தான் கொடுத்தோம் என்பது. பெயர் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு பிரவுசருக்கும் ஓர் அடையாள எண் ஒட்டியிருந்தது. அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை நம் ஊரை வைத்தே பார்க்கலாம். புல்மோட்டைக்கு இன்றைய தொழுகை நேரம், சீனி வருத்தத்துக்குப் புது மருந்து, கட்டாரில் ஓட்டுநர் வேலை, ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு வினாத்தாள். இந்த நாலு தேடலும் ஒரே எண்ணின் கீழ் ஒரே இரவில் நடந்திருந்தால், இந்தக் கடையில் இருக்கிற யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பெயர் எதற்கு?

இது ஒரு கம்பனியின் கதை மட்டுமல்ல. எந்தத் தளம் நம்பத்தக்கது என்று பச்சை, சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய வெப் ஒஃப் டிரஸ்ட் என்ற பிரவுசர் இணைப்பை உலகம் முழுக்கப் பெருந்தொகையானோர் வைத்திருந்தார்கள். 2016 நவம்பரில் ஜேர்மனியின் என்டிஆர் ஒளிபரப்பு நிறுவனம் ஆராய்ந்து பார்த்ததில், அதன் வழியாகச் சேர்ந்த இணைய வரலாறு விற்பனைக்குப் போயிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஏவிஜி, இலவச மென்பொருளை இலவசமாகவே வைத்திருக்க உங்கள் தேடல் வரலாற்றைக் காசாக்கலாம் என்று தன் தனியுரிமைக் கொள்கையில் வெளிப்படையாகவே எழுதியது. எழுதியதற்காகத் திட்டு வாங்கியது. எழுதாமல் செய்தவர்களை விட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

ஆக நானாவின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதிலிருந்து "காசு கொடுத்தால் கள்ளம் இருக்காது" என்ற முடிவுக்குப் போனால் அது பிழை.

2005இல் சோனி பிஎம்ஜி கம்பனி விற்ற இசைத்தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் சீடி. கணினியில் போட்டால், பாட்டைக் கள்ளப் பிரதி எடுக்காமல் தடுப்பதற்கென்று ஒரு மென்பொருள் தன்னை மறைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். விண்டோஸின் உள் அமைப்பை நன்றாக அறிந்த மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் சொந்தக் கணினியில் அதைக் கண்டுபிடித்து அந்த ஒக்டோபர் 31ஆம் திகதி எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முன்பு அந்தத் தட்டுகள் மாதக்கணக்காகக் கடைகளில் விற்றன. காசு வாங்கும் பெரிய அன்டிவைரஸ் கம்பனிகள் அதுவரை வாயே திறக்கவில்லை. 2021இல், ஆண்டுக் கட்டணம் கட்டிப் பாவிக்கும் நோர்ட்டன் 360க்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் பகுதி ஒன்று வந்து சேர்ந்தது. பாவிப்பவர் சம்மதித்தால்தான் அது ஓடியது, உண்மைதான். ஆனால் தோண்டியதில் 15 வீதம் கம்பனிக்கு, மின்சாரக் கட்டணம் உங்களுக்கு. இன்றைக்கு நோர்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று கடையில் நாலு பெயராகத் தெரிவதெல்லாம் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பனியின் கையில்தான் இருக்கின்றன.

நம் நாட்டிலேயே நடந்ததும் உண்டு. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரச மேகம் எனப்படும் அரசாங்கக் கணினித் தொகுதிக்குள் பணயத் தீநிரல் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. காசு கொடுத்து எடுத்ததுதான். ஆனால் மைக்ரோசொப்ட் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியிருந்தது. புதியதுக்கு மாற 2021இலிருந்தே திட்டம் இருந்தும், பணமில்லாததால் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமே சொன்னது.

அதனால் நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். இதைச் செய்கிறவன் எதில் பிழைக்கிறான்? இது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? விலையைப் பிறகு பேசலாம்.

இந்த இரண்டு கேள்வியையும் வைத்து, விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற டிஃபென்டரைப் பாருங்கள். அது தனியாக விலை வைக்காத பொருள். 2004 டிசம்பரில் மைக்ரோசொப்ட், ஜயன்ட் என்ற சிறு கம்பனியை வாங்கியது. அந்தக் கம்பனி வைத்திருந்தது உளவு மென்பொருள் பிடிக்கும் கருவி ஒன்று. அதுதான் 2006இல் விண்டோஸ் டிஃபென்டர் ஆனது. தொடக்கத்தில் உளவு மென்பொருளை மட்டுமே பார்த்தது, 2012இல் விண்டோஸ் 8உடன்தான் முழு அன்டிவைரஸாக வளர்ந்தது. அந்த நாட்களில் அதன் பெயர் நன்றாக இருக்கவில்லை. அதே 2012இன் கடைசியில், ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் மைக்ரோசொப்டின் இலவச அன்டிவைரஸுக்குச் சான்றிதழ் தர மறுத்தது. "டிஃபென்டர் சரிவராது, வேற போடுங்க" என்று கடைகளில் இன்றைக்கும் சொல்வது அந்தக் காலத்து நினைவில்தான். இப்போது அதே நிறுவனத்தின் சோதனைகளில் அது காசு வாங்கும் மென்பொருட்களோடு முன்வரிசையில் நிற்கிறது.

மைக்ரோசொப்ட் பிழைப்பது விண்டோஸிலும் கம்பனிகளுக்கு விற்கும் சேவைகளிலும். வீட்டுக் கணினிகள் கெட்டுப்போனால் அதற்குத்தான் நட்டம், ஆகவே டிஃபென்டரை நன்றாக வைத்திருப்பதில் அதற்குச் சொந்த ஆதாயம் இருக்கிறது. இதனால் மைக்ரோசொப்ட் அவுலியா ஆகிவிடாது. சந்தேகமான கோப்புகளின் மாதிரியை அதுவும் தன் தலைமைக்கு அனுப்பும். விருப்பமில்லையென்றால் அமைப்பில் அதை நிறுத்திவைக்கலாம்.

இது எப்படிக் கள்ளனைக் கண்டுபிடிக்கிறது என்பதை நானாவுக்கு விளங்கப்படுத்துவது சுகம், ஏனென்றால் அவர் காலமெல்லாம் பார்த்த வேலை அது. கரையிலிருந்து வரும் கறுப்பு மணலைக் காந்தத்தில் விட்டால் இல்மனைட் ஒட்டிக்கொள்ளும். ரூட்டைலும் சிர்கனும் காந்தத்துக்கு அசையாமல் ஒன்றாகவே ஓடிப்போகும். அவற்றைப் பிரிக்க உயர் மின்னழுத்தம் வேண்டும், மின்சாரம் கடத்துகிற ரூட்டைல் ஒரு பக்கம், கடத்தாத சிர்கன் மறுபக்கம். அன்டிவைரஸும் அப்படி இரண்டு வழியில் பிரிக்கிறது. முதலாவது, ஏற்கெனவே அடையாளம் பதிவான தீநிரல்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பிடிப்பது. பட்டியலில் இல்லாதது தப்பிவிடும். அதற்கு இரண்டாவது வழி: நிரலை ஓடவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. பிரவுசரின் பாஸ்வேர்ட் கோப்பைத் திறக்கிறதா, தட்டும் விசைகளைப் பதிகிறதா, தெரியாத முகவரிக்கு எதையாவது அனுப்புகிறதா என்று.

இதைக் கேட்ட நானா ஒரு நல்ல இடத்தில் பிடித்தார்: "அந்தப் பட்டியல் எங்க இருக்கு?" ஒரு பகுதி உங்கள் கணினியில், பெரும்பகுதி மைக்ரோசொப்டின் கணினிகளில். டிஃபென்டர் சந்தேகம் வந்தால் இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளது. அதனால் இணையம் இல்லாத நேரத்தில் அதன் பிடி தளர்கிறது என்பதை ஒஸ்திரியாவின் ஏவி-கொம்பரட்டிவ்ஸ் நிறுவனம் தன் சோதனைகளில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. லண்டனில் இருக்கிறவருக்கு இது சின்ன விஷயம். நமக்குப் பெரிது. இங்கே லெப்டொப் பெரும்பாலான நேரம் இணையம் இல்லாமல்தான் கிடக்கிறது. டேட்டா போட்டால் போனில் போடுவோம், பிள்ளைக்கு அவசரம் என்றால் ஹொட்ஸ்பொட் கொடுப்போம், டேட்டா முடிந்துவிடும் என்ற பயத்தில் அந்த இணைப்பை அளவுக் கட்டுப்பாடு உள்ளது என்று குறித்தும் வைப்போம். அப்படிக் குறித்தால் டிஃபென்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்வதும் நின்றுவிடலாம். அதே லெப்டொப்புக்குள் போட்டோகொப்பிக் கடையிலிருந்து வந்த பென்ட்ரைவ் மட்டும் தடையில்லாமல் போய் வருகிறது.

பென்ட்ரைவைத் திறந்ததும் போல்டர்களின் படத்தில், இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது போல்டர் அல்ல, உங்கள் போல்டரை ஒளித்து வைத்துவிட்டு அதே பெயரில் நிற்கும் குறுக்குவழி. தட்டினால் உங்கள் பாடக்குறிப்பும் திறக்கும், கூடவே தீநிரலும் ஓடும். பழைய உத்திதான், போட்டோகொப்பிக் கடைகளில் இன்னும் சாகவில்லை. எனவே வாரத்தில் ஒரு நாளாவது லெப்டொப்பை இணையத்தோடு இணைத்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, புதுப்பிப்பைத் தேடும் பொத்தானைக் கையால் அமுக்குங்கள். அன்றாடப் புதுப்பிப்பு ஒரு யூடியூப் பாட்டுக்குப் போகும் டேட்டாவை விடப் பெரிதாக இராது. மாதக்கணக்காக விட்டால்தான் கனக்கும்.

இனி, நம் வீடுகளில் உண்மையான வாசல் எங்கே திறந்து கிடக்கிறது என்பதற்கு வருகிறேன். அது இலவச அன்டிவைரஸில் இல்லை. கிராக் போட்ட மென்பொருளில் இருக்கிறது.

உலக மென்பொருள் கம்பனிகளின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2017ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், இலங்கையில் கணினிகளில் போடப்பட்ட மென்பொருளில் முக்கால் பங்குக்கு மேல் உரிமம் இல்லாதவை. விற்கிறவர்களின் கணக்கு என்பதால் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், நாம் சுற்றிப் பார்த்தால் தெரியும் நிலைமை அதுதான். விண்டோஸ் கிராக், ஒபிஸ் கிராக், போட்டோஷொப் கிராக். கல்யாண அல்பம் செய்கிறவரிடமும் அதுதான், ரியூட்டரிக் குறிப்பு அடிக்கிறவரிடமும் அதுதான்.

அந்தக் கிராக்கை எப்படிப் போடுகிறோம் என்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் ஒரு சிப் கோப்பு இறங்கும். அதற்கு ஒரு பாஸ்வேர்ட், அநேகமாக 1234. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்ட் எதற்கு? பூட்டிய கோப்புக்குள் அன்டிவைரஸால் எட்டிப்பார்க்க முடியாது, அதற்குத்தான். அடுத்து உள்ளே ஒரு சிறு வாசகக் கோப்பு இருக்கும்: முதலில் அன்டிவைரஸை நிறுத்துங்கள், இது பொய்யான எச்சரிக்கை, பயப்பட வேண்டாம். நாம் நிறுத்துகிறோம். பிறகு அது நிர்வாகி உரிமை கேட்கும். ஆமென்று தட்டுகிறோம். உளவு மென்பொருள் எழுதுகிறவன் தலையால் நடந்து செய்ய வேண்டிய வேலை மூன்றையும் நாமே செய்து கொடுத்துவிட்டு, பிறகு தேத்தண்ணிக் கடையில் எந்த அன்டிவைரஸ் நல்லது என்று கேட்கிறோம்.

விண்டோஸை உரிமம் பெற்றதாகக் காட்டும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியைப் பலர் அறிவார்கள். அதன் பெயரில் பரவிய நிறுவிகள் சிலவற்றுக்குள் கிரிப்ட்பொட் என்ற திருட்டு நிரல் வைக்கப்பட்டிருந்ததை ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் எழுதியது. இந்த வகை நிரல்கள் கணினியைக் கெடுக்காது, மெதுவாக்காது, திரையில் ஒன்றும் காட்டாது. ஒரு தடவை ஓடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள், கடனட்டை விவரம், பேஸ்புக்கிலும் ஜிமெயிலிலும் நுழைந்த நிலையில் இருக்கும் குக்கிகள் எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டுப் போய்விடும். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. லும்மா என்ற இதே வகை நிரல் 2025 மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரைக்குள் 3 லட்சத்து 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசொப்ட் கணக்குச் சொன்னது. வெளிநாட்டில் உள்ள மகனின் பேஸ்புக் கணக்கிலிருந்து "உம்மா, அவசரமாகக் காசு வேணும்" என்று ஒரு செய்தி வருகிறதே, அப்படியானவற்றின் பின்னால் பலமுறை இருப்பது இந்தத் திருட்டுத்தான்.

ஒருமுறை இப்படி ஒரு பழைய லெப்டொப்பைப் பார்க்கத் தந்தார்கள். டிஃபென்டர் பச்சை அடையாளத்தோடு நலமாக இருந்தது. எச்சரிக்கை ஒன்றுமில்லை. ஆனால் அமைப்புக்குள் போய், வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் அடியில், எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்தால் அதில் ஒரே ஒரு வரி: சி டிரைவ். அதாவது சி டிரைவில் எதையும் பார்க்காதே என்ற கட்டளை. விண்டோஸும் படங்களும் பாஸ்வேர்ட்களும் எல்லாம் அந்த டிரைவில்தான். விற்ற கடை எழுதியதா, கிராக் தானாக எழுதியதா தெரியாது. டிஃபென்டர் அங்கே சம்பளம் வாங்காமல் மட்டுமல்ல, வேலையும் பார்க்காமல் இருந்தது. பழைய கணினி வாங்கினால் வேறு எதையும் பார்க்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஒரு வீட்டுக் கணினியில் அது வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். அதே இடத்தில் டேம்பர் புரொடெக்‌ஷன் என்று ஒரு பொத்தான் உண்டு. வேறு நிரல்கள் டிஃபென்டரின் அமைப்பை மாற்றாமல் தடுக்கும். அது இயங்கும் நிலையில் இருக்கட்டும்.

அந்த வாப்பா கேட்ட பெட்டி, ஆபத்து ஆபத்து என்று எழும்புகிறதே, அது இரண்டில் ஒன்றாக இருக்கும். லெப்டொப்போடு கூட வந்த காசு அன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்திருக்கலாம். அப்படியென்றால் அதை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். அது இருக்கும் வரை டிஃபென்டர் ஒதுங்கி நிற்கலாம், போனதும் தானாக எழும்பி வேலைக்கு வரும். அல்லது அது பிரவுசருக்குள் வரும் பொய். இலவசமாகச் சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லி, இல்லாத வைரஸை எண்ணிக் காட்டி, நீக்கக் காசு கேட்கும் தொழில் பழையது. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி அன்டிவைரஸ் என்று பல பெயரில் இதை நடத்திய கம்பனியின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இதைச் செய்தவர்கள் இருட்டில் ஒளிந்தவர்கள் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஒபிஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலி, கணினியில் வழக்கமான சில கோளாறுகள் உண்டா என்ற கேள்விக்கு வாடிக்கையாளர் ஆமென்றாலே தீநிரல் அறிகுறி என்று காட்டும் சோதனையைப் பாவித்தது. 2019இல் அதுவும், அந்த மென்பொருளைக் கொடுத்த கம்பனியும் சேர்ந்து 3 கோடி 50 லட்சம் டொலர் கட்டி வழக்கை முடித்தன. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஓர் இணையப் பக்கம் உங்கள் கணினிக்குள் எத்தனை வைரஸ் என்று எண்ணிச் சொல்ல முடியாது. சொன்னால் பொய்.

சந்தேகத்துக்கு இன்னொரு கண் வேண்டுமென்றால் மால்வெயார்பைட்ஸின் இலவசப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி ஒரு தடவை ஓடவிடலாம். அது காசு வாங்கும் பதிப்பை விற்றுப் பிழைக்கிறது, அதனால் வாங்கு வாங்கு என்று கேட்கும், அவ்வளவுதான். கூகுளில் பெயரைத் தேடி மேலே வரும் முதல் இணைப்பைத் தட்டாதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம், விளம்பரத்தைக் கள்ளனும் வாங்கலாம்.

இன்னொரு வகை இலவசமும் உண்டு, அதை இதோடு கலக்கக்கூடாது. கட்டற்ற மென்பொருள்: நிரலின் மூலத்தை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2004 சுனாமி நம் கரைகளை அடித்துப் போன கையோடு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதிய சஹானா அப்படியானது. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது பயன்பட்டது, 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நல விருதும் கிடைத்தது. பாதுகாப்புக்கு கிளாம்ஏவி என்று ஒன்று உண்டு. நல்லதுதான், ஆனால் அது மின்னஞ்சல் சேவையகங்களுக்குப் பொருந்திய அளவுக்கு வீட்டு விண்டோஸுக்குப் பொருந்தாது, பின்னணியில் இருந்து எந்நேரமும் காவல் பார்க்காது.

மூலம் திறந்திருந்தால் கள்ளம் வராதா? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, லினக்ஸில் எங்கும் பாவிக்கும் சிறு கருவிக்குள் பின்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை பெற்றுப் பிறகு வைத்தது. கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற மைக்ரோசொப்ட் பொறியியலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தை விட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று கிண்டியவர். எல்லோரும் பார்க்கலாம் என்பதால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் பார்க்க நினைத்த ஒருவரால் பார்க்க முடிந்தது. மூலம் பூட்டியிருந்த சோனி தட்டில் அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது!

பழைய லெப்டொப் வைத்திருக்கிற வாப்பாக்களுக்கு இது வெறும் கதையல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றன. பல பழைய லெப்டொப்புகள் விண்டோஸ் 11ஐ ஏற்காது. டிஃபென்டரின் அடையாளப் பட்டியல் மட்டும் விண்டோஸ் 10க்கு 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸின் சொந்த ஓட்டைகளை அது அடைக்காது, அரச மேகத்தில் நடந்ததும் அதுதான். 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த திருத்தங்களைப் பெற வீட்டுப் பாவனையாளருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது, மைக்ரோசொப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் காசும் இல்லை. அதற்கு விண்டோஸ் உரிமம் பெற்றதாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால், படிப்புக்கும் யூடியூபுக்கும் கடிதம் அடிக்கவும் மட்டும் பாவிக்கிற கணினிக்கு லினக்ஸ் மின்ட் போட்டுவிடுவேன் நான். காசில்லை, கிராக்கும் தேவைப்படாது, தமிழும் அடிக்கலாம். போட்டோஷொப்பும் சில அச்சு இயந்திரங்களும்தான் முறைக்கும்.

"சரி, ஏற்கெனவே கிராக் போட்டாச்சே?" என்று கேட்டால், முதலில் வேறொரு கருவியில், போன் நல்லதென்றால் போனில், ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு வங்கி, பிறகு பேஸ்புக். மாற்றும்போது எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானையும் தட்டுங்கள், இல்லாவிட்டால் திருடிய குக்கியோடு அவன் உள்ளேயே இருப்பான். இரட்டைச் சரிபார்ப்பை ஏற்றுங்கள். அதன்பின் லெப்டொப்பில் டிஃபென்டரின் ஒப்லைன் சோதனையை ஓடவிடுங்கள். கணினி அணைந்து எழும்பி, விண்டோஸ் தொடங்கும் முன்பே தேடும், கால் மணி நேரம் போகும். மனம் ஆறாவிட்டால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நேர்வழி. காசு போயிருந்தால் வங்கிக்கு உடனே அழையுங்கள், பொலிசுக்கும் 2006இலிருந்து இயங்கும் இலங்கை கணினி அவசரப் பிரிவுக்கும் எழுத்தில் கொடுங்கள். கணினிக் குற்றங்களுக்கென்று 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது.

போனுக்கு அன்டிவைரஸ் வேண்டுமா என்பது நானாவின் கடைசிக் கேள்வி. ஆன்ட்ரொயிட் போனில் பிளே புரொடெக்ட் என்ற காவல் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் சும்மாதான். வட்ஸ்அப்பில் யாராவது ஏபிகே கோப்பு அனுப்பி, திறக்கும்போது போன் "இது தீங்கானது" என்று தடுத்தால், எப்படித் தடையை நீக்குவது என்று மருமகனிடம் கேட்காதீர்கள்.